விரலை எடுத்த பிறகும்

அத்தியாயம் ஒன்பது

அர்ச்சனா இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை மடியில் கிடந்தது, பாவாடை மடிப்புக்குள் சுருண்டு. செல்வகுமாரி அதை நேற்றே பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் கேட்க வேண்டும். கேட்டால் இந்தப் பெண் மறுபடியும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

இன்று பொறுக்க முடியவில்லை.

"சோத்துக் கையால சாப்புடுடி."

"வலிக்குதும்மா."

"எங்க, காட்டு."

காட்டவில்லை. இடது கை பிய்த்த துண்டு தட்டுக்கு வெளியே விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தாள். சாப்பிடவில்லை.

அந்தக் கையில் காயம் கிடையாது. கீறல்கூட இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிமோட்டைப் பிடித்திருந்த கை, அவ்வளவுதான். அதன் ஆள்காட்டி விரல்தான் வண்டியை ஓட்டும் விசையில் இருந்தது. குருவிநத்தம் முழுக்க அந்த ஒரு விரலைப் பற்றித்தான் பேச்சு.

அப்பாவும் மகளும் ஆசை ஆசையாய் ஒவ்வொரு பாகமாக மாற்றிச் சேர்த்த ரிமோட் கார். நெற்களத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தகரம் அடித்த மோட்டார் கொட்டகையின் பின்னால் போய் மறைந்தது, மறுபக்கம் வந்தபோது திரும்பாமல் நேராகச் சாலையில் பாய்ந்தது. தவிட்டு மூட்டையோடு மொபெட்டில் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கண்ணையனின் முன்சக்கரத்துக்குள் புகுந்தது. மதகுக் கல்லில் அவர் தலை மோதியது. அன்று மூடிய கண்ணை அவர் இன்னும் திறக்கவில்லை. அரியூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

ஓடி வந்த கூட்டத்திடம் அர்ச்சனாவின் அப்பா அரிகரன் சொன்னது ஒன்றுதான். "பாப்பா பயத்துல அழுத்திப்புட்டா."

அர்ச்சனா சொன்னதும் ஒன்றுதான். "நான் வுட்டுட்டன். அதுவா போச்சு."

"அதுவா எப்படிடி போவும்?" என்று கேட்டது வேறு யாருமில்லை. செல்வகுமாரிதான். அத்தனை பேர் நடுவிலும் கேட்டாள். அதன் பிறகுதான் அந்தக் கை மடியில் சுருண்டுகொண்டது என்று இப்போது தோன்றியது.

வாசலில் அரிகரன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "சரிங்க... சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறன்... ஆமாங்க, ரிமோட்டும்தான்." உள்ளே வந்தபோது முகத்தில் பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"ஏட்டு நல்ல மனுசன். சின்னப் புள்ள கை தவறிடுச்சுன்னு எழுதி முடிச்சிக்கலாம்ன்றாரு. வண்டிய ஒரு வாட்டி பாத்து, நல்லா ஓடுது நல்லா நிக்குதுன்னு எழுதிக்குவாங்களாம். புள்ள மேல கேஸு வராது."

"அப்ப யாரு மேல வரும்?"

"யாரு மேலயும் வராதுடி. அதான் சொல்றன்."

அர்ச்சனா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். இடது கையில் தட்டு. குழாயைத் திறக்க இன்னொரு கை வேண்டும். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முழங்கையால் தள்ளித் திறந்தாள்.

அரிகரன் வேறு பக்கம் பார்த்தான்.

*

கண்ணையனின் மனைவி விஜயராணி வீட்டு மாட்டைக் கறக்கும் வேலையைச் செல்வகுமாரி தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். புருசனோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு இதையாவது செய்ய வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள். வேறு நேரங்களில், இதைச் செய்துவிட்டு எதைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறோம் என்றும் நினைத்தாள்.

தெருக் குழாயில் ஆதிலட்சுமி குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"இன்னா செல்வி, உங்க வூட்டு ஏரோப்ளேனு ரிப்பேரா? சத்தத்தையே காணோம்?"

செல்வகுமாரி செம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பொட்டப் புள்ளைக்கு பொம்ம வாங்கிக் குடுத்தா மூலைல கெடக்கும். மோட்டாரு வாங்கிக் குடுத்தா? ஆளத்தான் சாய்க்கும்." குடம் நிரம்பி வழிந்தது. அதைத் தள்ளிவைக்காமலே குரலைத் தாழ்த்தினாள். "ஏன்டி, மாசா மாசம் சீட்டு குலுக்கி எடுக்கறதுக்கு உம்பொண்ணத்தானே கூப்புடுவோம், ராசியான கைன்னு. இந்த மாசம் யாரக் கூப்புடறதுன்னு எல்லாரும் யோசிக்கறாங்க. நான் சொல்லல. அவங்க சொல்றாங்க."

"யோசிங்க," என்றாள் செல்வகுமாரி. நடந்தாள்.

ராசியான கை. அர்ச்சனா பிறந்த வாரத்தில் அரிகரனுக்கு அரசாங்க ஆபீசில் வவுச்சரில் சம்பளம் தரும் தினக்கூலி வேலை கிடைத்தது. தெருவில் யார் விதை போட்டாலும், வீட்டுக்குக் கல் வைத்தாலும், முதலில் அந்தச் சின்னக் கையைத் தொடச் சொல்வார்கள். செல்வகுமாரிக்கு அதில் பெருமை உண்டு. தன்னிடமிருந்து வந்த ஒன்றை ஊர் நம்புகிறது என்ற பெருமை.

கொட்டிலில் விஜயராணியே நின்றிருந்தாள். துணி எடுத்துப் போக முதல் பஸ்சில் வந்திருக்கிறாள். தலை வாரவில்லை. ரவிக்கையை உள்பக்கம் வெளியே மாற்றிப் போட்டிருந்தாள், அது அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா... அண்ணனுக்கு?"

"அப்படியேதான். மூச்சு மிசின்ல போவுது. கூப்புட்டா கால் கட்டவெரலு ஆடுதுன்னு நர்சு சொல்றா. நான் பாத்தப்ப ஆடல."

செல்வகுமாரி செம்பைக் கீழே வைத்தாள். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மாடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"உன்ன ஒண்ணு கேக்கணும் செல்வி."

"கேளுக்கா."

"அன்னிக்கு நான் இங்கதான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தன். உம்பொண்ணு கத்துனது காதுல வுழுந்துது. 'நிக்க மாட்டேங்குதுப்பா, நிக்க மாட்டேங்குதுப்பா'ன்னு. அதுக்கப்புறம்தான் மொபெட்டு சத்தம்." விஜயராணி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "அழுத்திக்கினு இருக்கறவ ஏன்டி நிக்க மாட்டேங்குதுன்னு கத்துறா?"

செல்வகுமாரி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கேஸு போட்டு எனக்கு இன்னா ஆவப்போவுது. அந்த மனுசன் எதால வுழுந்தாருன்னு தெரியணும். ஒரு புள்ளயோட வெரலாலயா, வேற எதாலயா. ஆஸ்பத்திரில ஒக்காந்துகினு அத்தயேதான் நெனச்சிக்கினு கெடக்கறன். வர்ற வழில உம்பொண்ணு எதுருல வந்துட்டா அடிச்சிடுவேனோன்னு எனக்கே பயமா இருந்துது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடிக்கக் கூடாதவள அடிச்சிட்டன்னா, அப்புறம் இன்னா பண்ணுவன்?"

துணிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செல்வகுமாரி மாட்டடியில் உட்கார்ந்தாள். மாடு உதைக்கவில்லை. உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

அந்த வண்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவளுக்கு அதன்மேல் ஒரு பொறாமை இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. பொம்மை வண்டியின்மேல் பொறாமை என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு போனுக்கு மேல் இரண்டு தலைகள் கவிழ்ந்திருக்கும். இவள் ரசத்தைத் தாளித்துக்கொண்டே கேட்பாள்.

"அப்பா, மோட்டார மொதல்ல மாத்தாத. பெரிய மோட்டாரு போட்டா பிளாஸ்டிக் கியர தின்னுடும். மொதல்ல இரும்பு கியரு."

"சரிங்க இன்ஜினியரம்மா. அப்புறம்?"

"அப்புறம் மோட்டாரு. அப்புறம் பேட்டரி. டயரு கடேசி. நம்ம களத்துல சின்ன டயரே போதும்."

"ரிமோட்டு?"

"பழைய ரிமோட்டு புது வேகத்துக்குப் பத்தாதுப்பா. நல்லதா வாங்கணும். அதான் பிரேக்கு மாதிரி."

அரிகரன் அந்த ஒன்றில் மட்டும் மகள் பேச்சைக் கேட்கவில்லை. மோட்டாரும் பேட்டரியும் அவள் சொன்னபடி வந்தன. ரிமோட் மட்டும், தூரம் அதிகம் போகும் என்று எவனோ சொன்னான் என, பெயர் தெரியாத கம்பெனியின் செட்டாக வந்தது. அதில் ஒரு ரிமோட், வண்டிக்குள் பொருத்த தீப்பெட்டி அளவில் ஒரு சிக்னல் பெட்டி.

மூடி திறந்து கிடக்கும் வண்டிக்கு இரண்டு பக்கமும் அவர்கள் இருவரும் குந்தியிருப்பார்கள். "ஸ்க்ரூ" என்பான் இவன். "இந்தா" என்பாள் அவள். கேட்பதற்கு முன்பே நீட்டுவாள். செல்வகுமாரி காபி கொண்டுவைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அவர்கள் பேச்சு நிற்காது. அதில் அவளுக்கு இடமும் இல்லை. அவர்கள் யாரையும் விலக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. விலக்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஆயுத பூஜை அன்றுதான் அவளுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

அரிவாளும் மண்வெட்டியும் அரிகரனின் பைக்கும் வரிசையாக இருந்தன. கடைசியில் மஞ்சள் நிற மூடி போட்ட அந்தச் சின்ன வண்டி. அன்று காலையில்தான் புது ரிமோட்டையும் பெட்டியையும் பொருத்தியிருந்தார்கள். செல்வகுமாரி அதற்கும் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். கொல்லையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பறித்த நாலு எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தாள். பெரிய வண்டிக்குச் செய்வதுபோல.

"ஐயோ அம்மா, சூப்பர்!" என்று அர்ச்சனா குதித்தாள். அரிகரன்கூட, "பாருடா, எங்க மெக்கானிக்கு கோஷ்டில புது ஆளு" என்று சிரித்தான்.

வண்டி பழங்களின்மேல் ஏறிப் பாய்ந்தபோது சாறு சுவரில் தெறித்தது. மூன்று பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். அவர்களுடைய உலகத்தில் அவள் வைத்த ஒரே பொருள் அந்த எலுமிச்சம்பழங்கள்தாம். சந்தோஷம் என்று இந்த வருஷத்தில் அவளுக்கு நினைவிருப்பது அதுதான்.

*

பால் செம்போடு அவள் உள்ளே நுழைந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அர்ச்சனா கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பின்கட்டில் உர மூட்டைகள் வைக்கும் அறையின் கதவு ஒருக்களித்திருந்தது.

அரிகரன் தரையில் உட்கார்ந்திருந்தான். வண்டியின் மஞ்சள் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. அதன் முன்பக்கம் விரிசல், ஓரத்தில் மொபெட்டின் கறுப்பு ரப்பர் தேய்ந்த தடம். அவன் கையில் ஒரு ஊக்கு. ஊக்கின் முனையை அந்தச் சின்னப் பெட்டியின் ஓட்டைக்குள் நுழைக்கக் குனிந்திருந்தான்.

"இன்னா பண்றீங்க?"

அவன் உடம்பு தூக்கிப்போட்டது. "ஒண்ணியும் இல்ல. மண்ணு ஒட்டிக்கினு இருந்துது. தொடச்சிக் குடுக்கலாம்னு."

"மண்ணு தொடைக்க ஊக்கு எதுக்கு?"

அவன் ஊக்கை உள்ளங்கைக்குள் மறைத்தான்.

செல்வகுமாரி செம்பை வைத்துவிட்டு, மூலையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தாள். வண்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். நாலு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காபி வைக்க வந்த நேரங்களில் இப்படி அவர்கள் வைத்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"ஆன் பண்ணுங்க."

"எதுக்குடி இப்ப?"

"நான் பாக்கணும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, ரிமோட்டை ஆன் செய்துவிட்டு பேட்டரி வயரைச் செருகினான். வண்டி மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. அவள் ரிமோட்டை வாங்கி, தயங்கித் தயங்கி விசையை இழுத்தாள். சக்கரங்கள் சுற்றின. விரலை எடுத்தாள். நின்றன.

"பாத்தியா?" அரிகரன் மூச்சுவிட்டான். "வுட்டா நிக்குது. போதுமா? குடு."

நிற்கிறதுதான். ஆனால் விஜயராணியின் குரல் காதை விட்டுப் போகவில்லை. நிக்க மாட்டேங்குதுப்பா. களத்தில் இப்படிக் கண்ணுக்கு முன்னால் ஓடிய வரைக்கும் நின்றிருக்கும். கொட்டகைக்குப் பின்னால் போனபோது என்ன ஆனது? தகரம். உள்ளே போனால் போன் பேச்சு அறுந்துபோகும், சிக்னல் இல்லை என்று வெளியே வந்து பேசுவார்கள்.

சிக்னல் இல்லையென்றால், வண்டிக்கு ரிமோட்டே இல்லாத மாதிரி.

அவள் ரிமோட்டின் தலையிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வண்டி அலறியது. நாலு சக்கரமும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றன. வாளி தடதடவென்று ஆடியது. டயர்களிலிருந்து காய்ந்த மண் பிய்ந்து அவள் முகத்தில் அடித்தது. அணைந்த ரிமோட்டை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். ஒரு விரலும் எதன்மேலும் இல்லை.

அரிகரன் பாய்ந்து வயரைப் பிடுங்கினான்.

சத்தம் நின்ற பிறகும் அறைக்குள் அது இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

அவன் ஊக்கை மூடிக்கொண்டிருந்தான்.

"எப்பத்திலேர்ந்து?"

"மறுநாளு."

"மறுநாளே தெரிஞ்சிருக்குது உனக்கு." எப்போது 'நீ'க்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "புள்ள சோத்துக் கைய ஒளிச்சி வெச்சிக்கினு கெடக்குது. முழங்கையால கொழாய் தெறக்குது. நீ பாத்துக்கினே இருந்த."

"வேற இன்னா பண்ணச் சொல்ற? சிக்னல் போனா நிக்கற மாதிரி வெச்சிட்டுதான் ஓட்டணும். வெக்காம ஓட்ட வுட்டது நானு. பெரியவன் மேல கேஸுன்னா கேஸுதான். கண்ணையண்ணனுக்கு எதுனா ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் உள்ள போவணும். பர்மனென்ட் பைலு இப்பதான் நகர்ந்திருக்குது. அது போனா இந்த வூடு இன்னா ஆவும்? சின்னப் புள்ளன்னா நாலு நாள் பேசுவானுங்க. அப்புறம் மறந்துடுவானுங்க."

"யாரு மறப்பாங்க?"

"ஊரு."

"அவ?"

கெட்டவன் இல்லை இவன். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன். அப்படிப்பட்டவனால்தான் இதைச் செய்ய முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. மகள் தன்னை மன்னித்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் செய்திருக்கிறான்.

"அந்த ஊக்கால அழுத்துனா இன்னா ஆவும்?"

"ரிமோட்டும் வண்டியும் மறுபடி மொதல்லேர்ந்து ஜோடி சேரும். யாரும் விசைய தொடாம சேத்தா, அப்புறம் சிக்னல் போனா வண்டி நின்னுடும். சரியாயிடும்."

சரியாகிவிடும். சாயங்காலம் ஸ்டேஷனில் ஏட்டு பார்ப்பார். வண்டி நல்லா ஓடுது, நல்லா நிக்குது. அப்படியென்றால் தப்பு எங்கே? ஒரு விரலில். காகிதத்தில் ஏறிவிடும். வண்டியின் குற்றம் இந்த ஊக்கு முனையில் அழிந்துபோகும். அர்ச்சனாவின் கை மட்டும் அழியாமல் இருக்கும், கல்யாணத்தில், சீட்டில், குழாயடியில், சாகிற வரைக்கும்.

செல்வகுமாரி ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, வண்டியை வாளியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது.

"நான் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போறன். இப்பிடியே குடுப்பன்."

"போ." அவன் எழவில்லை. குரல் தணிந்திருந்தது, அதனால்தான் அவள் நின்றாள். "போய் முழுசா சொல்லு. எப்படி இப்பிடி ஆச்சுன்னு கேப்பாங்க இல்ல?"

"எப்படி ஆச்சு?"

"ஜோடி சேர்ற நேரத்துல பெட்டில ஒரு வெளக்கு சிமிட்டும். அது சிமிட்டி முடியற வரைக்கும் ரிமோட்ட தொடக் கூடாது. அந்த நேரத்துல விசை எப்படி இருக்குதோ அத்தத்தான் வண்டி மனசுல வெச்சிக்கும். சும்மா இருந்தா, நிக்கணும்னு வெச்சிக்கும். முழுசா இழுத்துப் பிடிச்சிருந்தா..." அவன் கையை விரித்தான். "சிக்னல் போற நேரமெல்லாம் முழு வேகம்."

"யாரு பிடிச்சிருந்தா?"

அவன் அவளையே பார்த்தான். அதில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆயுத பூஜை அன்னிக்கு வெளக்கு சிமிட்டிக்கினு இருந்துது. வீடியோல பாதிதான் பாத்திருந்தன். இருடி, மீதியப் பாத்துட்டு வரன்னு சொன்னன். நீ இன்னா சொன்ன செல்வி?"

சந்தன வாசனை வந்தது. எலுமிச்சம்பழத்தின் ஈரம். கையில் கற்பூரத் தட்டு. தன் குரல், எவ்வளவு சந்தோஷமான குரல் அது.

*எமகண்டம் வந்துடும், அழுத்துடி. ராசியான கையி, முழுசா அழுத்து.*

அர்ச்சனா இழுத்துப் பிடித்தாள். வண்டி நகரவில்லை. அம்மா சொன்னதால் விடாமல் பிடித்திருந்தாள். விளக்கு சிமிட்டி நின்றது. 'வுட்டுட்டு மறுபடி அழுத்து' என்றான் அரிகரன். விட்டு, அழுத்தினாள். பழங்கள் நசுங்கின. கைதட்டினார்கள்.

"அத்த நான் யாருகிட்டயும் சொல்லல," என்றான் அரிகரன். "உனக்கும் சேத்துதான் வாய மூடிக்கினு இருந்தன்."

இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவன் முகத்தில் அறைய வேண்டுமா? வண்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர்களுடைய உலகத்துக்குள் ஒரே ஒரு தடவை நுழைந்தேன். ஒரே ஒரு தடவை.

"அம்மா."

கதவருகே அர்ச்சனா நின்றிருந்தாள். வண்டி அலறிய சத்தத்தில் எழுந்து வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கண்கள் கவிழ்ந்த வாளியிலிருந்து அணைந்த ரிமோட்டுக்குப் போயின, அதிலிருந்து அம்மாவின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணுக்கு.

"ரிமோட்டு ஆஃப்ல தானே இருக்குது?" என்றாள். "ஆஃப்லயே ஓடிச்சா?"

"ஆமாடி."

"நான் சொன்னன் இல்ல?" முகம் கோணியது, அழுகையும் சிரிப்பும் இல்லாத ஒன்று. "நான் வுட்டுட்டன்னு சொன்னன் இல்லம்மா? அப்பா, சொன்னன் இல்ல?"

"சொன்ன," என்றான் அரிகரன்.

பாவாடை மடிப்பிலிருந்து வலது கை வெளியே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, நகக் குறிகள் உள்ளங்கையில் சிவந்து கிடந்தன. அந்தக் கையை நீட்டி அர்ச்சனா வண்டியின் டயரைத் தொட்டாள். செல்வகுமாரி மூச்சை அடக்கிக்கொண்டாள். இந்த இடத்தில் நின்றுவிடக் கூடாதா? இவ்வளவோடு இவளை விட்டுவிடக் கூடாதா?

ஆனால் இவள் இரும்புக் கியரையும் பேட்டரியையும் வரிசை பார்த்துத் தேர்ந்தெடுத்தவள்.

"ஏம்ப்பா முழுசா ஓடுது? சிக்னல் போனா நிக்கணும்தானே?" புருவம் சுருங்கியது. "ஜோடி சேக்கும்போதுதானே அது..."

அரிகரன் தலையைக் குனிந்தான். பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. செல்வகுமாரிக்கும் அது தெரிந்தது. பெட்டியே கோளாறு என்று சொல்லிவிடலாம். கம்பெனி சரியில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் 'அதுவா எப்படிடி போவும்' என்று ஊர் நடுவே கேட்ட வாய் இது. இன்னொரு பொய்யை இந்த வாயால் சொல்ல முடியவில்லை.

"வெளக்கு சிமிட்டி முடியறதுக்குள்ள அழுத்தச் சொன்னது நான்," என்றாள். "எமகண்டம் வந்துடும்னு அவசரப்படுத்துனன். முழுசா அழுத்துன்னு சொன்னன். உனக்கு ஒண்ணும் தெரியாது. அம்மா சொன்னத செஞ்ச."

அர்ச்சனா டயரிலிருந்து கையை எடுத்தாள். தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள், யாருடைய விரலோ தன் கையில் ஒட்டியிருப்பதுபோல. அது மெல்ல மடங்கியது. மற்ற விரல்கள் அதன்மேல் மூடிக்கொள்ள ஆரம்பித்தன.

அவை மூடுவதற்குள் செல்வகுமாரி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"செருப்ப போடு. நாம போறோம்."

*

வெளியே ஐப்பசி வானம் தாழ்ந்து கிடந்தது. தூறல் எந்த நேரமும் விழலாம். ஒரு கக்கத்தில் மூடியில்லாத வண்டி, இன்னொரு கையில் மகளின் விரல். குழாயடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ஆதிலட்சுமி ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வண்டி மட்டும்தான் தன்னிடம் இருக்கிறது. ரிமோட்டோடு சேர்ந்து, பிறகு சிக்னல் அறுந்தால்தான் அது பாயும். ரிமோட் இல்லாமல் இது வெறும் இரும்பு. எதையும் நிரூபிக்காது.

பின்னால் பைக் சத்தம் கேட்டது. அரிகரன் வந்து பக்கத்தில் நிறுத்தினான். இறங்கவில்லை. சட்டைப் பையில் ரிமோட்டின் தலை வெளியே தெரிந்தது. அதற்கு அருகில் அந்த ஊக்கு குத்தியிருந்தது. ஒன்றைக் கொடுக்க வந்தானா, இல்லை மற்றதை வாங்க வந்தானா, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை அவனுக்கே தெரியாதோ என்னவோ.

"ரிமோட்ட குடுங்க," என்றாள்.

அவன் வண்டியைப் பார்த்தான். மகளைப் பார்க்கவில்லை.

அப்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கழுத்தை வளைத்துக் குனிந்து பார்த்தாள். விஜயராணி அக்கா.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரம்தான். காலையில் பேசிவிட்டுப் போனவள் அதற்குள் ஏன் கூப்பிடுகிறாள்? கட்டை விரல் ஆடியதா? இல்லை...

போன் விடாமல் அடித்தது. இரண்டு கையும் நிறைந்திருந்தன. ஏதாவது ஒன்றை விட்டால்தான் எடுக்க முடியும்.

அர்ச்சனா தன் விரலை உருவிக்கொள்ளப் பார்த்தாள், அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. செல்வகுமாரி இறுக்கிக்கொண்டாள்.

குனிந்து வண்டியைச் சாலையோரத்து மண்ணில் வைத்தாள். அரிகரனுக்கும் அதற்கும் நடுவே எட்டினால் தொடுகிற தூரம்தான். பைக்கின் ஸ்டாண்டைக் கால் தள்ளும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுக்கா," என்றாள்.